இரண்டு தலைவர்களின் கையெழுத்து

காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு பஸ்ஸை யார்டில் நிறுத்தினால், பிறகு பின்னேரம் இரண்டு மணி வரை எனக்கு வேலை இல்லை. ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர்களில் பலர் அந்த நேரத்தில் வீட்டுக்குப் போய் ஒரு குட்டித் தூக்கம் போடுவார்கள். எனக்குப் பகலில் படுத்தால் தலையிடி வரும். ஆகவே நூலகத்துக்குப் போவேன். யாழ்ப்பாணத்தில் ஒரு டியூட்டரியில் சரித்திரம் படிப்பித்தவன் நான். இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது, அந்தச் சரித்திரத்தை ஒரு குருவிகூட என்னிடம் கேட்டதில்லை. மனைவி மட்டும் கோபம் வந்தால் என்னை 'மாஸ்டர்' என்பாள்.

நூலகத்தில் நான் பிடித்துக்கொண்டது ரோமர் காலத்து யூதேயா. ஒரு சின்ன இனம், தன் கோயிலைச் சுற்றித் தன் இராச்சியத்தையும் கட்டி எழுப்பி, பிறகு தானே அதைக் கெடுத்துக்கொண்ட கதை. தமிழனுக்கு இது விளங்காவிட்டால் வேறு யாருக்கு விளங்கும். அதிலும் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அரசன் இறந்தபின் அவன் மனைவி அரசியாக இருந்து நாட்டைக் கட்டுக்குள் வைத்திருக்கிறாள். இரண்டு மகன்கள். மூத்தவன் தலைமைக் குரு, கொஞ்சம் மந்தமானவன். இளையவன் துடியாட்டம். தாய் படுக்கையில் விழுந்ததும் இளையவன் கோட்டைகளைப் பிடிக்கத் தொடங்கிவிட்டான். அவள் கண்ணை மூடியபின் இருவரும் அடிபட்டு, ஓய்ந்து, திரும்ப அடிபட்டு, கடைசியில் நியாயம் கேட்டு ரோமத் தளபதியிடம் போய் நின்றார்கள். அவன் அப்போது தமஸ்குவில் படையோடு இருந்தான்.

இதை வாசித்த நாட்களில் எங்கள் கோயிலின் பெரியம்மா உயிரோடு இருந்தார். மில்லிக்கன் பக்கம் ஓடு விற்கும் கடைக்கும் கார் திருத்தும் கடைக்கும் நடுவில் ஒரு யூனிட்டில் இருந்தது எங்கள் முருகன் கோயில். அதைத் தொடங்கியவர் பெரியம்மாவின் கணவர். அவர் போனபின் பெரியம்மாதான் தலைவி. நான் செயலாளர், பன்னிரண்டு வருடமாக. செயலாளர் என்றால் பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். துண்டுப் பிரசுரம் அடிக்கிறது, செருப்பு வைக்கிற தட்டைத் துடைக்கிறது, யாரும் யாரோடும் கோபித்துக்கொண்டு போகாமல் பார்க்கிறது. இந்தக் கடைசி வேலையில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. எல்லோருக்கும் நல்லவனாக இருக்க வேண்டும் என்பது ஒரு வியாதி. எனக்கு அது சின்ன வயதிலிருந்தே உண்டு.

ஐயரைப் பெரியம்மாதான் ஊரிலிருந்து அழைப்பித்தார். நாற்பது வயது, மனைவி, ஒரு பெண் குழந்தை. ஐயரின் வேலை அனுமதியில் எங்கள் கோயிலின் பெயர் எழுதப்பட்டிருந்தது. வேறு எங்கும் போய் அவர் மணி ஆட்ட முடியாது. நிரந்தரமாக இருப்பதற்கு விண்ணப்பம் போட்டிருந்தார், அதுவும் இந்த வேலையை நம்பித்தான். ஊரில் அவருக்கு ஒரு கோயிலில் பரம்பரையாகப் பூசை முறை இருந்தது. இங்கே வரும்போது அதைச் சித்தப்பாவின் மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். திரும்பிப் போனால் அவருக்கு நிற்க ஒரு மூலஸ்தானம் கிடையாது. இதை அவர் ஒருமுறை சொல்லியிருக்கிறார், முறைப்பாடாக அல்ல, நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதுபோல.

நூலகத்தில் வாசித்ததை மத்தியானப் பூசை முடிந்ததும் ஐயரிடம் சொல்வேன். நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்ட ஒரே மனிதர் அவர். "பிறகு என்ன நடந்தது அண்ணை?" என்று கேட்பார். அப்படிக் கேட்கிற ஒருவர் கிடைத்தால் என்னைப்போன்ற ஆளுக்கு வேறு என்ன வேண்டும்.

பெரியம்மா ஒரு மாரிக்காலத்தில் காலமானார். அவருக்கும் இரண்டு மகன்கள், மூத்தவர், இளையவர். அந்த வருடத் திருவிழாவில் தொடங்கியது வினை.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் திருவிழா முடிந்ததும் அதன் செலவை ஏற்ற உபயகாரருக்குக் காளாஞ்சி கொடுப்பார்கள். தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை, விபூதி. பொருளாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் யாருக்கு முதல் கொடுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம். முதல் காளாஞ்சி எப்போதும் பெரியம்மாவுக்கு. அவர் இல்லாத முதல் வருடம், ஐயர் காலையிலேயே என்னிடம் கேட்டார்.

"அண்ணை, முதல் காளாஞ்சி ஆருக்கு?"

"மூத்தவருக்குத்தான். இதில என்ன யோசினை."

ஆனால் அந்த நேரம் மூத்தவர் வெளியே கார் நிறுத்துமிடத்தில், சப்பரத்துக்கு வழி மறித்து நின்ற ஒரு வான் வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். இளையவர் மூலஸ்தானத்துக்கு நேரே நின்று இரண்டு கையையும் நீட்டிவிட்டார். ஐயர் என்னைப் பார்த்தார். இருநூறு சனம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நீட்டிய கையை எப்படி மடக்கச் சொல்வது. நான் தலையை ஆட்டினேன். ஐயர் கொடுத்தார்.

மூத்தவர் உள்ளே வந்தபோது இளையவரின் மனைவி அந்தத் தேங்காயைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். மூத்தவர் அதைப் பார்த்தார். இரண்டாவது காளாஞ்சியை வாங்காமல் பிக்கரிங்கில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த கிழமை கோயில் கதவின் பூட்டு மாறியிருந்தது. அதற்கடுத்த கிழமை அந்தப் பூட்டும் மாறியிருந்தது.

அதன்பிறகு எங்களுக்கு இரண்டு தலைவர்கள். இரண்டு நிர்வாக சபை, இரண்டு விதமாக அச்சடித்த கடிதத் தாள். ஒரே முருகன். வழக்கும் தொடங்கிவிட்டது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடிகள் கறுப்புக் கோட்டு போட்டு மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று ஆடினார்கள்.

நான் எந்தப் பக்கம் என்று எல்லோரும் கேட்டார்கள். நான் முருகன் பக்கம் என்றேன். அது நல்ல பதில் என்று அப்போது நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மூத்தவர் ஐயரிடம் வந்து சத்துரு சங்கார அர்ச்சனை செய்யச் சொன்னார். பகை அழிய முருகனுக்குச் செய்கிற அர்ச்சனை அது. தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை இளையவர் வந்தார், அவரும் அதே அர்ச்சனை. துண்டில் அண்ணனின் பெயர். இரண்டு நாளும் நான் தூணடியில் நின்றேன். ஐயர் இரண்டு முறையும் துண்டை வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டு, சங்கற்பத்தில் இருவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லி, இந்தச் சகோதரர்களின் சேமத்துக்காக என்றுதான் மந்திரத்தைத் தொடங்கினார். சமஸ்கிருதம் விளங்காது என்று நினைத்திருப்பார் போல. ஆனால் தன் பெயரும் தன் எதிரியின் பெயரும் ஒன்றாக வருவது யாருக்கும் விளங்கும்.

எனக்கு நூலகத்துப் புத்தகம் நினைவுக்கு வந்தது. யூதேயாவில் இதே சண்டையில், மூத்தவனின் படை எருசலேம் கோயிலை வளைத்து நிற்க, இளையவன் உள்ளே இருக்கிறான். ஒரு வறட்சியில் பிரார்த்தித்து மழை வரவழைத்த ஒரு நல்ல மனிதரைப் பிடித்துவந்து, உள்ளே இருப்பவர்களுக்குச் சாபம் கொடு என்கிறார்கள். அவர் மறுத்துப் பார்த்தார், விடவில்லை. கடைசியில் எழுந்து நின்று கடவுளிடம், வெளியே நிற்பவர்களும் உன் சனம், உள்ளே இருப்பவர்களும் உன் குருமார், ஒருவருக்கு எதிராக மற்றவர் கேட்பது எதையும் கொடுக்காதே என்று வேண்டினார். அந்த இடத்திலேயே அவரைக் கல்லால் எறிந்து கொன்றார்கள்.

அன்று பூசை முடிந்ததும் இந்தக் கதையை ஐயரிடம் சொன்னேன். அவர் வேண்டிக்கொண்டது வரைக்கும் சொன்னேன்.

"நல்ல மனுசன்," என்றார் ஐயர். "பிறகு என்ன நடந்தது?"

"பிறகு சண்டை நிண்டுபோச்சு," என்று சொல்லிவிட்டு பஸ் எடுக்கப் போய்விட்டேன்.

குடிவரவு அலுவலகத்தில் இருந்து ஐயருக்கு மின்னஞ்சல் வந்தது பங்குனியில். வேலை கொடுப்பவரிடமிருந்து புதிய கடிதம் வேண்டும், அந்த வேலை தொடர்ந்தும் இருக்கிறது என்று அதிகாரமுள்ளவர் கையெழுத்திட வேண்டும், முப்பது நாள் அவகாசம். ஐயரும் ஐயரம்மாவும் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் இருந்தது வோபர்னில் ஒரு வீட்டின் நிலத்தடித் தளம், பேஸ்மென்ற், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. ஐயரம்மா கதிரையின் நுனியில் இருந்தார்.

"அண்ணை, இந்தக் கடிதம் வராட்டி என்ன நடக்கும்?"

"வரும்," என்றேன்.

"வராட்டி எண்டு கேக்கிறன்."

நான் மின்னஞ்சலைத் திரும்ப வாசித்தேன். என் மனைவி உள்ளே இருந்து, "உள்ளதைச் சொல்லுங்கோ மாஸ்டர்," என்றாள். வேலை அனுமதி ஆடி மாதத்தோடு முடிகிறது. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் ஆடிக்குப் பிறகு இவர்கள் இங்கே இருக்க முடியாது. சொன்னேன். ஐயரம்மா மகளைப் பார்த்தார். அது மூலையில் இருந்து பள்ளிக்கூடத்துக்கு ஏதோ ஒரு கிரகத்தின் படம் நிறம் தீட்டிக்கொண்டிருந்தது. இங்கே வந்தபோது அதற்கு நாலு வயது, இப்போது பத்து. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும்.

முதலில் மூத்தவரிடம் போனேன். பிக்கரிங்கில் புது வீடு, ஹோலில் பெரியம்மாவின் படத்துக்கு மாலை.

"அண்ணை, ஐயருக்கு ஒரு கடிதம் வேணும்."

"அவன்ர ஆளுக்கு நான் ஏன் கடிதம் குடுக்கிறன்?"

"அவர் ஒருத்தற்ற ஆளும் இல்லை. உங்கட அம்மா கூப்பிட்ட ஆள்."

"முதல் காளாஞ்சியை ஆருக்குக் குடுத்தவர்?"

நான்தான் தலையாட்டினேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த நாள் இளையவரிடம் போனேன். ஸ்ரீல்ஸ் வீதிக்குக் கிட்ட ஒரு பிளாசாவில் அவருக்குக் காப்புறுதி அலுவலகம். என்னை இருக்கச் சொன்னார், தேநீர் தந்தார், பிறகு அதையேதான் சொன்னார். ஐயர் அண்ணன் பக்கமாம். அர்ச்சனையில் அண்ணன் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சொன்னாராம். வயதுக்கு மூத்தவர் என்பதால் முன்னால் சொல்லியிருப்பார் தம்பி என்றேன். அவர் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படி மூன்று கிழமை. பிள்ளைகளை இறக்கிவிட்டு பிக்கரிங், பிறகு பிளாசா, பிறகு பிள்ளைகளை ஏற்றப் போவேன். நூலகம் மறந்துபோயிற்று. கெஞ்சினேன், பெரியம்மாவின் பெயரைச் சொன்னேன், ஒருநாள் மூத்தவரின் வாசலில் கண்ணீர்கூட விட்டேன், அது நடிப்பு அல்ல. ஐயரம்மா ஒவ்வொரு நாளும் பின்னேரம் போன் எடுப்பார். "ஒண்டும் இல்லையோ அண்ணை?" அவ்வளவுதான் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து சில நாள் போனை எடுக்காமல் விட்டிருக்கிறேன்.

அவகாசம் முடிய நாலு நாள் இருக்கும்போது மூத்தவர் தானே கூப்பிட்டார். கடிதம் தருகிறேன், ஆனால் தலைவர் என்று போட்டுத்தான் கையெழுத்து வைப்பேன், தம்பிக்குத் தெரியக்கூடாது என்றார். நான் காற்றாய்ப் பறந்து போய் வாங்கினேன். அடுத்த நாள் இளையவர் கூப்பிட்டார். யாரோ காதில் போட்டிருக்க வேண்டும். ஐயர் அண்ணனுக்கு மட்டும் நன்றி சொல்லுகிற ஆளாகிவிடக் கூடாதே. அவரும் கடிதம் தந்தார், அவருடைய கடிதத் தாளில், தலைவர் என்று போட்டு.

இப்போது என் கையில் இரண்டு கடிதம். ஒரே கோயில், ஒரே முகவரி, ஒரே ஐயர், இரண்டு தலைவர்கள்.

ஒன்றை மட்டும் அனுப்பியிருக்கலாம். எதை? மூத்தவருடையதை அனுப்பினால் இளையவர் ஒருநாள் கேட்பார், என்ர கடிதத்தை என்ன செய்தீர் என்று. இளையவருடையதை அனுப்பினால் மூத்தவர் கேட்பார். நான் முருகன் பக்கம் அல்லவா. இரண்டையும் அனுப்பினால் இருவருக்கும் மரியாதை, ஐயருக்கும் இரட்டைப் பலம். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். இப்படித்தான் யோசித்தேன். கலியாணப் பத்திரிகையில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களின் பெயரையும் போடுவதுபோல நினைத்துக்கொண்டேன். முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்தும் எனக்கு ஓடியது அந்தப் புத்திதான்.

ஐயர் வீட்டு மேசையில், அவருடைய மடிக்கணினியில், நானே இரண்டையும் ஏற்றி அனுப்பினேன். ஐயருக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், ஆனால் அரசாங்க விஷயங்களில் என்னைத்தான் நம்புவார். அனுப்பியதும் ஐயரம்மா சர்க்கரைப் பொங்கல் தந்தார். நான் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி. மூன்று கிழமையில் பதில் வந்தது. ஒரே நிறுவனத்தின் தலைவர்கள் என்று இரண்டு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள், கடிதத் தாளும் வேறு வேறு, ஆகவே இந்த வேலை உண்மையானதா என்று அலுவலருக்குச் சந்தேகம். இரண்டு கிழமைக்குள் விளக்கம் தரவும். நான் அதை யார்டில், பஸ்ஸின் படியில் இருந்து போனில் வாசித்தேன். அலுவலரில் பிழை சொல்ல மாட்டேன். அந்தக் கதிரையில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஐயரம்மாவிடம் என்ன சொன்னேன்? "இளையவற்ற கடிதமும் எப்பிடியோ போயிட்டுது போல," என்றேன். எப்படியோ. பச்சைப் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அவர் அன்றிலிருந்து இளையவரைத் திட்டத் தொடங்கினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தமஸ்குவில் அந்த ரோமத் தளபதிக்கு முன்னால் உண்மையில் மூன்று கூட்டம் வந்தது. மூத்தவன் ஆட்கள், இளையவன் ஆட்கள், மூன்றாவதாகப் பொதுச் சனம். அவர்கள் கேட்டது, எங்களுக்கு இந்த இரண்டு பேரும் வேண்டாம், அரசரே வேண்டாம், எங்கள் குருமாரோடு எங்களை விட்டுவிடு என்று. புத்தகத்தில் அந்த மூன்றாவது கூட்டத்துக்கு இரண்டு வரிதான் கிடைத்திருக்கிறது. நான் அதை நினைத்துக்கொண்டு ஒரு மனு எழுதினேன். நாங்கள் இந்தக் கோயிலின் அடியார்கள், ஐயர் எங்களுக்கு வேண்டும், அவர் ஆறு வருடமாக ஒரு நாள் தவறாமல் பூசை செய்கிறார். பிளாசா பிளாசாவாக, வீடு வீடாகத் திரிந்து கையெழுத்து வாங்கினேன். சனம் மனதாரப் போட்டது. ஒரு கிழவர் கை நடுங்க நடுங்க இரண்டு இடத்தில் போட்டார். குடிவரவு விஷயம் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அங்கிள், இவை ஒருத்தரும் எம்பிளோயர் இல்லையே. ரெண்டு பேரும் சேந்து சைன் பண்ணின ஒரே ஒரு லெட்டர் கொண்டுவாங்கோ. அதுதான் வேலை செய்யும்."

ஒரே ஒரு கடிதம். இரண்டு கையெழுத்து. இதற்காக நான் விழுந்த கால்களைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடைசியில் இரண்டு பேரும் ஒரு கோப்பிக் கடைக்கு வர ஒத்துக்கொண்டார்கள். யார் பெயர் மேலே வருவது என்று சண்டை வரும் என்பது எனக்குத் தெரியும். அதனால் இரண்டு பிரதி கொண்டுபோனேன். ஒன்றில் மூத்தவர் பெயர் மேலே, மற்றதில் இளையவர் பெயர் மேலே. பிறகு அதுவும் பயமாக இருந்தது. மூன்றாவதாக ஒன்று அடித்தேன், பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில். அதில் யார் இடது, யார் வலது என்று வருமே என்று ஐயரிடம் சொன்னபோது மட்டும், அவ்வளவு நாளில் முதல்தரமாக ஐயர் சிரித்தார்.

வந்தார்கள். பெரியம்மாவின் செத்தவீட்டுக்குப் பிறகு இருவரும் ஒரு மேசையில் இருந்தது அன்றைக்குத்தான். மூத்தவர் கடிதத்தை எடுத்து வாசித்தார். பேனையையும் எடுத்தார்.

"லோயரிட்ட ஒருக்கா கேக்கிறன்," என்றார் மூத்தவர்.

"கேளுங்கோ," என்றார் இளையவர். "நானும் கேக்கிறன்."

இருவரும் ஆளுக்கொரு மூலைக்குப் போய் போனில் பேசினார்கள். ஒருவர் திரும்பி வந்து சொன்னதையே மற்றவரும் வந்து சொன்னார். இதில் கையெழுத்துப் போட்டால், மற்றவரும் தலைவர்தான் என்று ஒத்துக்கொண்டதாக வழக்கில் காட்டுவார்களாம்.

"அண்ணை, தம்பி, அந்தப் பிள்ளையை யோசியுங்கோ," என்றேன். குரல் கடை முழுக்கக் கேட்டது. பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள். "வழக்கை நீங்கள் பத்து வருசம் பேசலாம். அவைக்கு இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு."

"எங்களுக்கும் ஐயரில கோவம் ஒண்டும் இல்லை," என்றார் மூத்தவர்.

"சீச்சீ, அவர் பாவம்," என்றார் இளையவர்.

அந்த ஒன்றில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை. ஆளுக்கொரு காரில் ஏறிப் போனார்கள். கோதாரி விழுந்த மூன்று கடிதங்களும் மேசையில் கிடந்தன. நான் அவற்றை எடுத்துக்கொண்டு பஸ் எடுக்கப் போனேன். அன்று ஒரு தெருவில் ஒரு பிள்ளையை ஏற்ற மறந்து திரும்பிப் போய் ஏற்றினேன்.

மனுவையும் என் விளக்கத்தையும் சேர்த்து அனுப்பினோம். மறுப்பு வந்தது வைகாசியில். அந்த வெள்ளிக்கிழமையும் கோயிலில் சண்டை. இரண்டு பக்கமும் உண்டியல் சாவிக்கு இழுபட்டு, ஒருவரை ஒருவர் தள்ளி, பொலிஸ் உள்ளே வந்தது, சப்பாத்தோடு. ஐயர் திரும்பிப் பார்க்கவில்லை. தீபாராதனையை முடித்தார். கடைசியில் இளையவனின் ஆட்கள் பூட்டிக்கொண்டு நின்ற எருசலேம் கோயிலின் மதிலை ரோமர் உடைத்து உள்ளே வந்தபோது, குருமார் பலி கொடுப்பதை நிறுத்தாமல், வெட்டுப்பட்டுப் பலிபீடத்தடியிலேயே விழுந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. வாசிக்கும்போது அது வீரம் என்று நினைத்திருந்தேன். நேரில் பார்த்தபோது அந்த மனிதருக்கு வேறு போக்கிடம் இல்லை என்றுதான் பட்டது.

ரோமத் தளபதி தலைமைக் குருவைத் தவிர எவரும் போகக்கூடாத உள்மண்டபத்துக்குள் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ஒன்றையும் எடுக்கவில்லையாம். எடுக்க வேண்டிய அவசியம் என்ன, எல்லாமே அவனுடையதாகிவிட்டதே. இளையவனைப் பிள்ளைகளோடு ரோமாபுரிக்கு இழுத்துப் போனான். மூத்தவனுக்குக் குருப் பட்டத்தைக் கொடுத்து அரச பட்டத்தைப் பிடுங்கினான். மூத்தவனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டு பக்கத்தில் நின்றவனின் மகன்தான் பிறகு ரோமரின் தயவில் அரசனானான். எங்கள் கோயிலையும் நீதிமன்றம் ஒரு மூன்றாம் மனிதரின் பொறுப்பில் விட்டது. அவர் நல்ல மனிதர்தான். வந்த முதல் நாளே, கணக்குப் பார்த்து முடியும்வரை கதவைப் பூட்டச் சொன்னார்.

ஐயர் குடும்பம் போவதற்கு முதல் நாள் அந்த பேஸ்மென்ற்றுக்குப் போனேன். மகள் பள்ளிக்கூடத்தில், கடைசி நாள். ஐயர் சூட்கேசை நிறுத்துப் பார்த்து, இறக்கி, ஒரு பித்தளைக் குத்துவிளக்கை வெளியே எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப நிறுத்தார். ஊரில் மாமனார் வீட்டில் போய் நிற்கப் போவதாகச் சொன்னார். சித்தப்பாவின் மகனிடம் முறையைத் திருப்பிக் கேட்டாராம். பார்க்கலாம் என்றானாம்.

இதற்குமேல் வைத்திருக்க எனக்கு ஏலாமல் போயிற்று.

"ஐயா, அந்த ரெண்டு கடிதத்தையும் சேத்து அனுப்பினது நான். இளையவர் ஒண்டும் செய்யேல்லை. அவர் என்ர கையிலதான் தந்தவர். ஒண்டை மட்டும் அனுப்பியிருந்தா நீங்கள் இண்டைக்கு இஞ்ச இருந்திருப்பியள்."

ஐயர் சூட்கேசின் வாரை இழுத்து இறுக்கினார்.

"தெரியும் அண்ணை. நீங்கள் அனுப்பேக்க நான் பக்கத்திலதானே இருந்தனான்."

"தெரியுமோ?"

"ரெண்டிலயும் தலைவர் எண்டு கிடந்ததைப் பாத்தனான். எனக்கு அப்பவே இது சரிவருமோ எண்டு ஒரு பயம் வந்தது."

"ஏன் ஐயா சொல்லேல்லை?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "நீங்கள் எங்களுக்காக எவ்வளவு அலைஞ்சியள். அண்டைக்கு நல்ல சந்தோசமா இருந்தியள், ரெண்டு பேரையும் சமாளிச்சுப்போட்டன் எண்டு. அதில நான் ஒரு சொல்லுச் சொல்லி உங்கட மனம் நோகக்கூடாது எண்டு விட்டுட்டன்."

அடுப்படியில் இருந்து ஐயரம்மா தேநீரோடு வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. கோப்பையை எனக்கு முன்னால் வைத்தார். என்னையும் பார்த்தார், கணவரையும் பார்த்தார்.

"நல்ல மனுசர் ரெண்டு பேர்," என்றார். "ஒருத்தரை ஒருத்தர் நோகடிக்கேல்லை. என்ர பிள்ளை நாளைக்குப் பிளேன் ஏறுது."

நான் தேநீரைத் தொடாமல் எழும்பினேன். இருங்கோ என்று ஐயர் சொன்னார். ஐயரம்மா சொல்லவில்லை.